தலைப்பு மாற்றப் படிவம்

என் பெரியப்பா ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் காஜா, பட்டன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். கடன் வாங்கி மிஷின் போட்டவர், ஆர்டர் படுத்துக் கிடந்த காலத்திலும் ஆட்களை நிறுத்தாமல் ஓட்டியவர். அதனால் பணத்தைப் பற்றி அவர் எது சொன்னாலும் நான் காது கொடுத்துக் கேட்பேன். ஒரு விசேஷ வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, சாதியப் பத்தி எழுதறதுக்குக் கவர்மெண்டு மாசம் 37,000 குடுக்குதாமா? நெசமா?" நெசந்தானுங்க பெரியப்பா என்றேன். யார் யாருக்கு, எந்தப் பரீட்சை, எத்தனை வருஷம் என்று ஒரு பாடமே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி. அத்தன பேரு எழுதி நம்மூர்ல என்னத்தக் கண்டுபுடிச்சாங்க?" என்றார். அதில் கேலி ஒன்றும் இல்லை. துணியில் சாயம் நிற்குமா நிற்காதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அந்த நேரத்துக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சமூக நீதி சார்ந்த பிஎச்டிகளுக்கு அரசு கொடுக்கிற பணம் உண்மையில் எதை வாங்குகிறது என்று அதற்கப்புறம்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தொகை பெரிசுதான்

முதலில் பெரியப்பா பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வருகிறவர்களுக்குக் கிடைக்கிற ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் என்ற மூத்த நிலைக்குப் போனால் 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனியாக இருக்கிற தேசிய ஃபெலோஷிப்களும் இதே அளவைத்தான் பின்பற்றுகின்றன. ஈரோட்டில் ஒரு அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர் முனைவர் பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு வாங்குகிற தொகுப்பூதியம் 25,000, அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம். அந்தக் கௌரவத்தை அனுபவிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆராய்ச்சி செய்யும்போது வாங்கியதை விட ஆராய்ச்சியை முடித்த பிறகு குறைவாக வாங்குகிற ஒரு விசித்திரமான தொழில் இது. அதனால் 37,000 சின்னப் பணம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் முதல் நிரந்தர மாத வருமானமே மகளின் ஃபெலோஷிப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் தங்கச்சி நர்சிங் படிப்பாள், அப்பாவின் வைத்தியம் நடக்கும், ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் போடுவார்கள். அது தப்பு என்று சொல்பவர்கள் சம்பளத்தில் வீட்டுக்கு எதுவுமே கொடுக்காதவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் இது கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நெட்டில் அந்தத் தர வரிசைக்குள் வராதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மாதம் 8,000 உண்டு. 2012 வாக்கில் நிர்ணயித்த அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. கோவையிலும் சேலத்திலும் இருப்பவை மாநிலப் பல்கலைக்கழகங்கள், ஆகவே இங்கே அதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு முழு நேரமாகப் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வாளர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் தருகிறது. முன்பு 50,000 ஆக இருந்தது, உயர்த்தியது நல்ல விஷயம். மாதக் கணக்கில் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம் வரும். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 ரூபாயில் ஒன்று வந்தது, மாநிலம் முழுவதற்கும் 120 இடம். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. இந்தப் பட்டியலில் எங்கேயும் வராமல் பகுதி நேரமாகப் பதிந்து, பகலில் தனியார் கல்லூரியில் பாடம் நடத்தி, ராத்திரியில் ஆய்வேடு எழுதுகிறவர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள்.

கிடைத்தவள் கதை

அதனால் கிடைக்காதவர்களைப் பற்றி எழுதினால் அது ஒரு தெரிந்த புலம்பலாகப் போய்விடும். நான் சொல்ல வந்தது கிடைத்த ஒருத்தியைப் பற்றி. எனக்கு ஜூனியர், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் அம்மா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஃபெலோஷிப் என்பதை விட்டுவிடுகிறேன், இன்னும் அவள் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, பாக்கி இருக்கிறது.

அவள் முதலில் எடுத்த தலைப்பு இது: கொங்கு மாவட்டங்களின் பேரூராட்சிகளில் துப்புரவு வேலை ஏஜென்சி கைக்குப் போன பிறகு, அந்தக் குடும்பங்களின் கூலி, பி.எஃப், கடன் எல்லாம் என்ன ஆனது. கேட்டவுடனே எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் பகுதியில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டுக்குள்ளேயே அவர்களுக்கென்று 2009-இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னபோது, மாநிலங்கள் தரவுகளின் அடிப்படையில்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. சரி, அந்தத் தரவை யார் எடுப்பது? ஏஜென்சி தன் மஸ்டர் ரோலை, அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டை, காட்டாது. பிடித்த பி.எஃப் கட்டப்பட்டதா என்பது வேலை செய்கிறவருக்கே தெரியாது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அட்டைகளையும் அடகுச் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்து எழுதினால்தான் உண்டு. அதைச் செய்ய அந்தத் தெருவிலேயே வளர்ந்த, புள்ளியியலும் தெரிந்த ஒருத்தி கிளம்பியிருந்தாள்.

அந்த மாதிரிக் களப்பணி எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. விடியும் முன்னே வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் திரும்புவார்கள். அப்புறம் பாதிப் பேர் வீட்டு வேலைக்கோ கடைகளைக் கூட்டவோ போய்விடுவார்கள். நிம்மதியாகப் பேசக் கிடைப்பது ராத்திரி ஏழு மணிக்கு மேல். பேசி முடிக்கும்போது கடைசி டவுன் பஸ் போயிருக்கும். ஆகவே அந்த ஊரிலேயே தங்க வேண்டும். தங்க வீடு கேட்டால் புரோக்கர் வாடகை சொல்வதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். அவினாசி, சென்னிமலை, ராசிபுரம் என்று ஊர்ப் பெயர் மாறலாம், கேள்வி மாறாது. கடைசியில் சித்தி வீட்டுத் திண்ணைதான். பேட்டி கொடுத்த அக்காவை மேஸ்திரி பார்த்துவிட்டால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. அந்த ஒரு நாள் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டாமா? கொடுத்தால் எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவீர்கள்? கலை, சமூகவியல் பிரிவுகளுக்குக் கான்டிஞ்சென்சி என்கிற ஆய்வுச் செலவுத் தொகை முதல் இரண்டு வருடம் வருடத்துக்கு 10,000, அப்புறம் 20,500. அறிவியல் பிரிவுக்கு 12,000, 25,000. பல்லியைப் படிக்கிறவரை விட மனிதர்களைப் படிக்கிறவருக்குச் செலவு குறைவு என்று யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறார். அந்தத் தொகையும் பில் வைத்தால்தான் வரும், பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். திண்ணைக்கும் டீக்கடைக்கும் ஏது ஜிஎஸ்டி? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவள் களப்பணிக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்த ஒரே அரசு நிதி அதுதான் என்பேன். அதற்கும் பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட்டைத்தான் பயணச் செலவு ஃபைலில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஃபெலோஷிப் ஆணை வந்தது, இனிப்புக் கொடுத்தாள். முதல் சில மாதம் பணமும் வந்தது. அப்புறம் நின்றது. மாதா மாதம் வருகைச் சான்று, கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக முத்திரை, ஸ்கேன், போர்ட்டல் என்று ஒரு சடங்கு இருக்கிறது. அவள் எதையும் விடவில்லை. போர்ட்டல் மட்டும் நிலுவை, நிலுவை என்றே காட்டியது. போன் போட்டால் அந்தப் பக்கம் யூனிவர்சிட்டியைக் கேளுங்கள் என்பார்கள், யூனிவர்சிட்டி டெல்லியைக் கேளுங்கள் என்னும். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பிக் கட்ட ஆரம்பித்திருந்த குழுக் கடன் தவணை வாரம் தவறாமல் வந்து நின்றது. வசூலுக்கு வருகிறவர்கள் போர்ட்டலைப் பார்ப்பதில்லை. அம்மாவின் தோடு பேங்குக்குப் போனது, அப்புறம் இவளுடையது. ஒரு ட்யூஷன் சென்டரில் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். அதாவது பேட்டி எடுக்கக் கிடைக்கிற அதே நேரத்துக்கு.

காரணம் என்ற கட்டம்

ஒரு நாள் மத்தியானம் துறைக்குப் போயிருந்தேன். அவள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தலைப்பு மாற்றக் கோரும் படிவம். பழைய தலைப்புக்கு ஒரு கட்டம், புதிய தலைப்புக்கு ஒரு கட்டம், காரணத்துக்கு ஒரு கட்டம். புதிய தலைப்பில் பேரூராட்சிகளும் இல்லை, குடும்பங்களும் இல்லை, கடனும் இல்லை. தூய்மைப் பணியாளர் நலத் திட்டங்கள் குறித்து வெளிவந்த அரசு அறிக்கைகளின் மதிப்பீடு என்று இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து, இறக்கி வைத்த பிடிஎஃப்களைக் கொண்டே முடித்துவிடலாம். ட்யூஷனுக்கும் இடைஞ்சல் இல்லை.

காரணக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். "என்னன்னு போடட்டுங்க்கா?" என்றாள். பணம் வரலைன்னு போடு என்றேன். "அய்யோ, அப்படிப் போட்டா அங்கிருந்து விளக்கம் கேப்பாங்க, ஆய்வுல முன்னேற்றம் இல்லைன்னு ஃபெலோஷிப்பையே நிறுத்திட்டாங்கன்னா?" பக்கத்து மேஜைப் பையன் தன்னுடைய பழைய படிவத்தை எடுத்துக் கொடுத்தான். அவனும் அதே கட்டத்தில் எழுதியிருந்தது: தரவு திரட்டுவதில் உள்ள நடைமுறைச் சிரமம். அவளும் அதையே எழுதினாள். ஆய்வுக் குழு கூடி ஒரு டீ ஆறும் முன்னே ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஒருவர் மட்டும், இது முன்னதை விட மேனேஜ் பண்ணக்கூடிய தலைப்பு என்று பாராட்டினாராம்.

எனக்கு அன்றைக்குத்தான் பெரியப்பா கேள்வியின் அடி தெரிந்தது. எங்கள் ஊரைப் பற்றி ஏன் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால், கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் இப்படி ஒரு கட்டத்தில் ஒரு வரி எழுதித் திரும்பியிருக்கிறார்கள். அந்த வரியில் பணம் என்ற பேச்சே இல்லை. நாளைக்கு யாராவது இந்தப் படிவங்களையெல்லாம் எடுத்துப் புரட்டினாலும் கொங்கு நாட்டில் தரவு திரட்டுவது சிரமம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

ஆறேழு மாதம் கழித்து அரியரோடு மொத்தப் பணமும் வந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. அதனால்தான் இதில் ஊழல் என்றோ ஏமாற்று என்றோ சொல்ல எதுவும் இல்லை. கணக்குத் தணிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும். தெருவில், அவளுக்கு லட்சக்கணக்கில் வந்துச்சாமே என்று பேச்சு வேறு. அந்த லட்சம் நகையை மீட்டது, வட்டியைக் கட்டியது, குழுக் கடனை முடித்தது. களத்துக்குப் போக வேண்டிய வருடத்தில் வந்திருந்தால் அது ஆய்வுக்கு ஆகியிருக்கும். அடுத்த வருடத்தில் வந்ததால் கடனுக்கு ஆனது. பெரியப்பாவுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: பார்ட்டி ஷிப்மெண்டுக்கு முன்னால் தராத பணத்தை ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால், அதில் நூல் வாங்க முடியாது, வட்டிதான் கட்ட முடியும்.

வெளிப்படையாகச் சொன்ன தடையும் சொல்லாத தடையும்

2022 பிப்ரவரியில் ஒரு சத்தம் எழுந்தது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு 1954-55 முதல் கொடுத்துவரும் உதவித்தொகையின் விதிகளில் அந்த வருடம் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்தத் தொகை கிடையாது. அதாவது நீ வெளிநாடு போகலாம், ஆனால் உன்னை இங்கே உட்கார வைத்த காரணத்தைப் பற்றி அங்கே படிக்கக் கூடாது. எல்லோரும் கோபப்பட்டோம், கோபப்பட வேண்டிய விஷயம்தான். 2025-இல் அதே திட்டத்தில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பி, மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றபோது பேச்சு எழுந்தது, ஆனால் முன்பு எழுந்த சத்தத்தில் பாதிகூட இல்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்கிற தடை என்று தோன்றுகிறது. எழுதி வைத்த வரியை எதிர்த்து வழக்குப் போடலாம், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நிலுவை என்ற சொல்லை எதிர்த்து என்ன செய்வது?

இது புதிதும் இல்லை. அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டில் என்பதைப் பள்ளிப் பேச்சுப் போட்டியிலேயே எல்லோரும் சொல்வோம். லண்டனில் ஆய்வின் நடுவில் 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து அவர் திரும்ப வேண்டி வந்ததை யாரும் சொல்வதில்லை. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, அப்புறம் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, ஒரு பார்சி நண்பர் கொடுத்த கடன் என்று திரட்டிக்கொண்டு 1920-இல் மறுபடி லண்டன் போனார். டி.எஸ்சி என்ற ஆய்வுப் பட்டம் 1923-இல். அவர் அம்பேத்கர் என்பதால் திரும்பிப் போனார். ட்யூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடமும் அதையே எதிர்பார்ப்பது என்ன திட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கும். கோவை மாவட்டக் கிராமங்களில் விவசாயக் கூலிகள், குறிப்பாகத் தலித் குடும்பங்கள், முப்பது நாற்பது வருடத்தில் எப்படி மாறின என்று தெரிய வேண்டுமானால் நாம் படிக்க வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டின் ஜூடித் ஹேயரை. 1980-களின் தொடக்கத்தில் வந்தவர், அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். திருப்பூர்த் தொழிலாளர் பற்றி என்றால் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெர்ட் டி நெவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும். நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை அடைத்து வைத்ததை உலகம் பேசியது 2011-இல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை வந்த பிறகு. அவர்கள் வேலை உயர்ந்த வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களைச் சுமந்த பணம் சொன்ன தேதிக்கு வந்தது, பதினைந்து வருடம் கழித்தும் அதே ஊருக்கு அனுப்பியது. நம் பெண் ஒருத்திக்கு ஒரு வருடம் ஒழுங்காக வந்திருந்தால் போதும், அவள் அம்மாவின் அடகுச் சீட்டிலிருந்தே ஆரம்பித்திருப்பாள். நம்மிடம் மிச்சம் இருப்பது நூறு பேருக்குக் கேள்வித்தாள், கை-ஸ்கொயர் என்ற ஒரு புள்ளியியல் சோதனை, ஐந்து அத்தியாயம் என்ற அச்சில் வார்த்த ஆய்வேடுகள். அவற்றைப் பார்த்துத்தான், இதுக்கு எதுக்கு இத்தனை காசு என்று கேட்கிறார்கள். நானே சிலவற்றைப் படித்துவிட்டு அப்படிக் கேட்டிருக்கிறேன்.

தொகையை ஏற்றுங்கள் என்று யாராவது கையெழுத்து வாங்க வந்தால் போடுவேன். ஆனால் எனக்கு அதை விடச் சின்ன ஆசைகள்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சுழல் நிதி வைத்து, டெல்லிப் பணம் தாமதமானால் பாதியையாவது அந்தந்த மாதமே கொடுத்து, அரியர் வரும்போது பிடித்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு நடக்கிறதுதானே. களப்பணிக்கு ஒரு தொகையை முன்பணமாக, பில் இல்லாமல், கைடு பொறுப்பில் கொடுக்கலாம். தலைப்பு மாற்றப் படிவத்தில், உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவையில் உள்ளது என்று இன்னொரு கட்டம் சேர்க்கலாம், இதற்குச் செலவு கிடையாது. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, நல்ல யோசனை மேடம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் குமாரபாளையத்துப் பையன் ஒருவன் வந்திருக்கிறான், விசைத்தறி முன்பணக் கடன் பற்றிச் செய்ய வேண்டுமாம். அப்பா தறி ஓட்டுகிறார். தலைப்பு எப்படிங்க்கா இருக்கு என்று கேட்டான். முன்பென்றால் எதைப் படித்தாய், எந்தக் கோட்பாடு என்று ஆரம்பித்திருப்பேன். இப்போது முதலில் கேட்டது, பணம் வராவிட்டால் வீட்டில் எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பீர்கள் என்று. மூணு மாசம் தாட்டிரலாங்க்கா என்றான். சரி, அப்படியானால் களப்பணியை முதல் மூன்று மாதத்திலேயே முடி, புத்தகங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்றேன். ஆய்வு முறையியல் வகுப்பில் யாராவது இப்படிச் சொன்னால் நானே திட்டுவேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான், அடுத்த வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஆரம்பிக்கிறான்.